கார்ப்பரேட்டராகத் தொடங்கியவர்

மகாராஷ்டிர முன்னாள் முதலமைச்சர் திரு. மனோகர் ஜோஷி 2024 பிப்ரவரி 23 ஆம் நாள் மும்பையில் காலமானபோது, அவர் வகித்த உயர்ந்த பதவிகளெல்லாம் வரிசையாக நினைவுகூரப்பட்டன. அவர் முதலில் அமர்ந்தது பம்பாய் மாநகராட்சியின் கவுன்சிலர் நாற்காலியில்தான் என்பதை அந்நகரத்துப் பழைய தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

கொங்கணத்து ஏழைக் குடும்பத்தில் பிறந்து, சிரமப்பட்டுப் படித்து, மாநகராட்சி அலுவலகத்திலேயே வேலை பார்த்தவர் அவர். பின்னர் எலெக்ட்ரீஷியன், பிளம்பர் தொழில்களைக் கற்றுத்தரும் கோஹினூர் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். அந்த உழைப்பைக் குறைத்துப் பேசுவது நியாயமாகாது. ஆனால் அவர் சேர்ந்த இடம் சிவசேனை. 1966 இல் தோன்றிய அக்கட்சிக்கு முதல் இலக்கு தென்னிந்தியர்களே. அலுவலகங்களில் இருந்த தென்னிந்தியப் பெயர்களை ‘மார்மிக்’ வார இதழ் பட்டியல் போட்டது. உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டன. அந்த அலையிலேயே 1968 மாநகராட்சித் தேர்தலில் 140 இடங்களில் 42 ஐ சேனை பிடித்தது. ஜோஷி கவுன்சிலரானார், 1976 இல் மேயராகவும் ஆனார்.

பிற்பாடு சேனையின் கோபம் வேறு திசைக்குத் திரும்பியது. தமிழ்க் குமாஸ்தாக்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டனர்; சிலர் அக்கட்சிக்கு வாக்களிக்கவும் செய்தனர். புயல் ஓய்ந்துவிடவில்லை, பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறது என்பதை அவர்களில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்தனர்? 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் நடந்த கலவரங்களில் சுமார் 900 உயிர்கள் போயின. அதை விசாரித்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா கமிஷனின் அறிக்கையை 1998 இல் முதலமைச்சர் ஜோஷியின் அரசு ஏற்க மறுத்தது. நாட்டின் முதல் இந்து ராஜ்யம் மகாராஷ்டிரத்தில் அமையும் என்ற தேர்தல் பேச்சுக்காக அவருடைய வெற்றி செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1995 இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பேச்சைக் கடுமையாகக் கண்டித்துவிட்டு, அது மதத்தின் பெயரால் வாக்குக் கேட்டதாகாது என்று அவரை விடுவித்தது. விசித்திரமான விடுதலைதான்!

தாராவித் தமிழர்களுக்கு அவர் ஆட்சியின் நினைவு வேறொன்று. குடிசைவாசிகள் 40 லட்சம் பேருக்கு இலவச வீடு என்று சேனை–பாரதிய ஜனதா கூட்டணி வாக்களித்தது. 225 சதுர அடி; 1995 ஜனவரி 1 க்கு முன்பே குடியிருந்ததற்குச் சான்று வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தவன் பிழைத்தான். ஊருக்கும் பம்பாய்க்குமாக அலைந்து பெயர் சேர்க்காமல் விட்டவன் காகிதத்துக்காக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினான். பின்னாளில் அந்தத் தேதி 2000 க்கு நகர்ந்தது. எழும்பிய வீடுகளோ வாக்களித்த எண்ணிக்கைக்கு அருகிலும் வரவில்லை. ஒரு காலத்தில் விரட்டப் பார்த்தவர்களுக்கே வீடு தருவதாகச் சொல்ல வேண்டிய நிலை வந்ததற்கு, அவர்கள் கையில் இருந்த வாக்குச்சீட்டைத் தவிர வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

2002 இல் மக்களவை சபாநாயகர் பதவியும் அவரைத் தேடி வந்தது. தமிழ்நாட்டு உறுப்பினர்களும் அவரையே விளித்துப் பேசினர். 2004 இல் தாராவியின் சட்டமன்ற உறுப்பினராக இருந்த ஏக்நாத் கெய்க்வாட்டிடம் மக்களவைத் தேர்தலில் தோற்றார்.

ஆனால் அவரை முதலமைச்சர் பதவியிலிருந்து இறக்கியது கலவர அறிக்கையுமல்ல, இந்து ராஜ்யப் பேச்சுமல்ல. வார்டு கவுன்சிலர் எவருக்கும் தெரிந்த சங்கதி ஒன்றுதான்: புனாவில் ஆரம்பப் பள்ளிக்கென்று ஒதுக்கியிருந்த மனை, ஒதுக்கீட்டிலிருந்து விடுவிக்கப்பட்டு அவருடைய மருமகனுக்குப் பயன்பட்டது. 1999 ஜனவரியில், கட்சித் தலைமை சொன்னபடி, அவர் பதவி விலகினார். அந்த விடுவிப்பு சட்டவிரோதம் என்று உயர் நீதிமன்றம் கூறியதை 2011 இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. பள்ளிக்கூடம் எழும்ப வேண்டிய இடத்தில் அதற்குள் அடுக்குமாடிக் கட்டடம் எழும்பிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.