மீட்டர் ஓடாத வண்டியில் ஊருக்கு வராதீர்கள்



பொங்கலுக்குச் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் பைக்கிலேயே கிளம்பி வருகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். போன வருடம் எங்கள் தெருவுக்கு வந்த ஏழு பேரிடம் மீட்டர் ஓடுகிறதா என்று கேட்டேன். மூன்று பேருக்கு ஓடவில்லை. "கேபிள் அறுந்து ஆறு மாசம் ஆச்சு டீச்சர்" என்று ஒருவன் ஏதோ பட்டம் வாங்கியது போலச் சொல்கிறான். "வேகம் உடம்புக்கே தெரியும், முள் எதுக்கு?" என்று இன்னொருவன்.

தெரியாது ராஜா. நான்குவழிச் சாலையில் இரண்டு மணி நேரம் 80-ல் வந்தவனுக்கு, ஊர் எல்லையில் 60-க்குக் குறைத்ததும் மாட்டு வண்டியில் போவது போல இருக்கும். கண் அந்த வேகத்துக்குப் பழகிவிட்டது. 40-ல்தான் போகிறோம் என்று அவன் சத்தியம் செய்வான், பொய்யும் அல்ல, அவனுக்கு அப்படித்தான் தெரிகிறது. ஆனால் 40-ல் பிரேக் பிடித்து நிற்கத் தேவைப்படும் தூரத்தைப் போல 60-ல் இரண்டேகால் மடங்கு வேண்டும். வேகத்தின் வர்க்கம்! குறுக்கே வருகிற ஆயாவைப் பார்த்து, கை பிரேக்குக்குப் போகும் அந்த ஒரு நொடியிலேயே 60-ல் வண்டி பதினாறு மீட்டருக்கு மேல் ஓடிவிடும். உள்ளூர்க்காரர்களின் உயிரைப் பணயம் வைத்துத்தான் உங்கள் உடம்பு வேகத்தைக் கணிக்கிறது.

இவர்களைவிட எனக்கு எரிச்சல் மூட்டுகிறவர்கள் பாதி தெரிந்தவர்கள். "கம்பெனியே பத்து கூடத்தான் காட்ட வைப்பான், முள் 70-ன்னா நிஜத்துல 60 தான்." இதில் உண்மை உண்டு. பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. விதிமுறை 39, முள் உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டவே கூடாது, ஒரு வரம்புக்குள் கூடுதலாகக் காட்டலாம் என்கிறது. காட்டலாம் என்றுதான் இருக்கிறது, காட்டியே தீரும் என்று இல்லை. உன் வண்டியில் கூடுதல் இரண்டாக இருக்கலாம், ஏழாகவும் இருக்கலாம். அதுவும் புது வண்டிக்கு. அழகுக்காகப் பெரிய டயர் மாட்டினால், மீட்டர் அந்தச் சக்கரத்திலிருந்து கணக்கெடுப்பதாக இருந்தால், ஒரு கிலோமீட்டருக்குச் சக்கரம் சுற்றும் எண்ணிக்கை குறைந்து மீட்டர் குறைவாகக் காட்ட ஆரம்பிக்கும். அப்புறம் எதிலிருந்து பத்தைக் கழிப்பாய்?

கழிக்க வேண்டாம், அளந்து பார். நெடுஞ்சாலையில் கூட்டமில்லாத நேரத்தில் முள்ளை 60-லேயே நிறுத்தி ஓட்டு. பின்னால் இருப்பவர் கிலோமீட்டர் கல்லுக்குக் கல் நேரம் பார்க்கட்டும் (ஓட்டுகிறவன் போனைத் தொடக்கூடாது). 3600-ஐ அந்த நொடிகளால் வகுத்தால் உண்மை வேகம். 66 நொடி ஆனால் 54.5, மீட்டர் கூடுதலாகக் காட்டுகிறது. 57 ஆனால் 63, உடனே மெக்கானிக்கிடம் போ. கல் சற்றுத் தள்ளி நட்டிருக்கக்கூடும், அதனால் ஐந்து கல்லுக்கு எடுத்துச் சராசரி பாருங்கள். காலமும் தூரமும் கணக்கில் நீங்கள் எல்லாரும் மார்க் வாங்கியவர்கள்தானே? போனில் ஜி.பி.எஸ். வேகமும் பார்க்கலாம், நேரான சாலையில் ஒரே சீராகப் போகும்போது மட்டும். வேகம் ஏறி இறங்கும்போது அது சற்றுப் பிந்திக் காட்டும்.

பழைய வண்டிகளில் பெரும்பாலும் கோளாறு சின்னது. முன்சக்கரத்திலிருந்து கேபிள் சுழன்று வந்து மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. அந்தக் காந்தம் அலுமினியக் கிண்ணத்தை இழுக்க, கிண்ணத்தோடு சேர்ந்த முள் சுருள்வில்லை எதிர்த்து நகர்கிறது. கேபிளில் கிரீஸ் காய்ந்தாலே முள் துள்ளும். ஒரு குடும்பம் ஓட்டலில் சாப்பிடும் செலவுகூட ஆகாது. "வண்டி ஓடுதுல்ல, விடுங்க" என்கிற மெக்கானிக்கை விட்டு வேறு ஆளிடம் போங்கள்.

இன்னொன்று. அதே கேபிள்தான் ஓடிய கிலோமீட்டரையும் எண்ணுகிறது. அறுந்தால் அந்த எண்ணும் நின்றுவிடும், ஆயில் மாற்றும் கணக்கு போச்சு. பிறகு அந்த வண்டியையே "இருபதாயிரம்தான் ஓடியிருக்கு" என்று விற்பது திருட்டு. வாங்குகிற பிள்ளைகள் எண்ணை நம்பாமல், பிரேக் பெடல் ரப்பரும் கைப்பிடியும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று பாருங்கள். ஒரு சுற்று ஓட்டி அந்த எண் நகர்கிறதா என்றும் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.