மின்சாரம் வந்தது, மாற்று வழிகள் மறைந்தன: அடுத்த பெரும் மின்தடையை இந்திய வீடுகள் தாங்குமா?

2012-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் தேதி அதிகாலை 2.33 மணிக்கு நாட்டின் வடக்கு மின்தொகுப்பு முற்றிலுமாகச் செயலிழந்தது. தில்லி, பஞ்சாப், ஹரியாணா, ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட மாநிலங்கள் இருளில் மூழ்கின. மாலை 4 மணியளவில் நிலைமை சீரானது. ஆனால், மறுநாள் பிற்பகல் 1 மணிக்கு வடக்கு, கிழக்கு, வடகிழக்கு ஆகிய மூன்று மின்தொகுப்புகளும் ஒரே நேரத்தில் வீழ்ந்தன. முதல் நாள் சுமார் 36,000 மெகாவாட், இரண்டாம் நாள் சுமார் 48,000 மெகாவாட் மின்சுமை பாதிக்கப்பட்டது. 60 கோடிக்கும் அதிகமான மக்கள் வசிக்கும் நிலப்பரப்பைத் தொட்ட இந்த மின்தடை, மக்கள்தொகைக் கணக்கில் உலகின் மிகப் பெரிய மின்தடையாகப் பதிவானது.

300-க்கும் மேற்பட்ட ரயில்கள் நடுவழியில் நின்றன. தில்லி மெட்ரோவின் சுரங்கப் பாதைகளிலிருந்து பயணிகள் வெளியேற்றப்பட்டனர். மேற்கு வங்கத்திலும் ஜார்க்கண்டிலும் நிலக்கரிச் சுரங்கங்களில் இருநூறுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் சிக்கிப் பின்னர் மீட்கப்பட்டனர். இருப்பினும், இவ்வளவு பெரிய நிகழ்வு பொதுவாழ்வைக் குலைத்துவிடவில்லை. 1977-இல் நியூயார்க் நகரில் ஒரே இரவு மின்சாரம் இல்லாதபோது கடைகள் சூறையாடப்பட்டன. அதனுடன் ஒப்பிட்டால், வட இந்திய மக்கள் அந்த இரு நாள்களைக் கடந்த விதம் வியப்பளிப்பதாகவே இருந்தது.

அந்தப் பொறுமைக்கு மக்களின் இயல்பு மட்டும் காரணமல்ல. அவர்களிடம் இருந்த பொருள்களும் காரணம். அந்தப் பொருள்கள்தான் இப்போது மறைந்து வருகின்றன.

இருளுக்குப் பழகியிருந்த வீடுகள்

60 கோடி என்ற எண்ணிக்கையையே சற்று நிதானமாகப் பார்க்க வேண்டியுள்ளது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 67 சதவீத வீடுகளே மின்சாரத்தை முதன்மை ஒளி ஆதாரமாகக் கொண்டிருந்தன. ஊரகப் பகுதிகளில் அது 55 சதவீதம். பிகாரில் 16 சதவீதம் மட்டுமே. அதாவது, மின்தொகுப்பு வீழ்ந்ததால் பாதிக்கப்பட்டதாகக் கணக்கிடப்பட்டவர்களில் கோடிக்கணக்கானோருக்கு அதற்கு முந்தைய நாளும் மின்சாரம் இல்லை. அவர்கள் வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கு வழக்கம்போல் எரிந்தது.

இணைப்பு பெற்றிருந்தவர்களும் அதை முழுமையாக நம்பியிருக்கவில்லை. உத்தரப் பிரதேசத்தின் சிறு நகரங்களில் நாளொன்றுக்குப் பல மணி நேர மின்வெட்டு என்பது நாள்காட்டியைப் போல நிரந்தரமானது. நடுத்தர வர்க்க வீடுகளில் இன்வெர்ட்டரும் பேட்டரியும் இருந்தன. பிகாரின் கடைவீதிகளில் தனியார் ஒருவர் டீசல் ஜெனரேட்டரை நிறுவி, அங்கிருந்து கம்பி இழுத்து, மாலை நேரத்தில் சில மணி நேரம் எரியும் ஒரு விளக்குக்கு மாதம் இவ்வளவு என்று கடைக்காரர்களிடமும் வீடுகளிலும் வசூலிப்பது சாதாரணக் காட்சி. அரசு மின்சாரத்தைவிடப் பன்மடங்கு விலை. ஆனால், குறித்த நேரத்தில் விளக்கு எரியும். கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் பிகாரிலும் பெரும்பாலான விவசாயிகள் டீசல் பம்புசெட்டுகளையே பயன்படுத்தினர். குடிநீருக்குத் தெருமுனையில் கைப்பம்பு இருந்தது. கொடுக்கல் வாங்கல் முழுவதும் ரொக்கத்தில் நடந்தது. கைப்பேசிக் கோபுரங்களோ மின்வாரியத்தை நம்பாமல் டீசலிலேயே நாளின் பெரும்பகுதி இயங்கிப் பழகியிருந்தன.

எனவே அந்த இரு நாள்களில் அதிகம் தவித்தவர்கள், மின்சாரத்தை அதிகம் நம்பியிருந்தவர்கள்தான். மெட்ரோவில் சிக்கிய தில்லிவாசியும், அடுக்குமாடிக் குடியிருப்பில் தண்ணீர் ஏறாமல் தவித்தவரும், மின்சாரப் பம்புசெட்டால் நெல் வயலுக்கு நீர் பாய்ச்சிய பஞ்சாப் விவசாயியும் அந்த வரிசையில் வருவார்கள். பின்தங்கிய நிலையே ஒரு வகையில் பாதுகாப்பாக அமைந்தது என்பது கசப்பான உண்மை.

காரணம் மின்பற்றாக்குறை மட்டுமல்ல

அந்த ஆண்டு ஜூலை இறுதியில் பருவமழை இயல்பைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. வயல்களுக்கு நிலத்தடி நீரை இறைக்க வேண்டியிருந்ததால் வட மாநிலங்களின் மின்தேவை உயர்ந்தது. ஒதுக்கீட்டைவிட அதிகமாக அவை மின்சாரத்தை எடுத்தன. மேற்கு மண்டலத்திலோ மிகுதி இருந்தது. அங்கிருந்து வடக்கே பாயும் பாதைகளில் பல, பராமரிப்பு மற்றும் தரம் உயர்த்தும் பணிகளுக்காக நிறுத்தப்பட்டிருந்தன. எஞ்சியிருந்த பினா-குவாலியர் 400 கிலோவோல்ட் பாதை, பழுது ஏதும் இல்லாத நிலையில், அதிகச் சுமையைப் பழுதெனக் கருதிய பாதுகாப்பு ரிலேயால் துண்டிக்கப்பட்டது. அடுத்தடுத்து மற்ற பாதைகளும் துண்டிக்கப்பட்டன. மத்திய மின்சார ஆணையத் தலைவர் தலைமையிலான விசாரணைக் குழு 2012 ஆகஸ்டில் அளித்த அறிக்கையில் இவற்றைத் தெளிவாகவே பதிவு செய்தது. மின் எடுப்பைக் குறைக்குமாறு மண்டல மையங்கள் விடுத்த அறிவுறுத்தல்களுக்கு மாநில மின்சுமைப் பகிர்வு மையங்கள் போதிய அளவில் செவிசாய்க்கவில்லை என்பதும் அதில் இடம்பெற்றது.

அதன்பின் மின்தொகுப்பு பெரிதும் வலுப்பெற்றுள்ளது என்பதை மறுக்க இயலாது. அனுமதிக்கப்பட்ட அதிர்வெண் வரம்பு 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ் வரை எனச் சுருக்கப்பட்டது. ஒதுக்கீட்டை மீறும் மாநிலங்களுக்கான கட்டண விதிகள் கடுமையாக்கப்பட்டன. 2020 ஏப்ரல் 5-ஆம் தேதி இரவு 9 மணிக்கு நாடு முழுவதும் மக்கள் விளக்குகளை ஒன்பது நிமிடங்கள் அணைத்தபோது, மின்தேவை சில நிமிடங்களில் 30,000 மெகாவாட்டுக்கும் மேல் சரிந்தது. அந்த அதிர்ச்சியை மின்தொகுப்பு தாங்கியது. 2024 மே 30-ஆம் தேதி உச்ச மின்தேவை 250 ஜிகாவாட்டைத் தொட்டபோதும் அது நிலைகுலையவில்லை.

2012-இல் தமிழகம் உள்ளிட்ட தென் மாநிலங்கள் தப்பியதற்குக் காரணம், தெற்கு மின்தொகுப்பு அப்போது தனி அதிர்வெண்ணில் இயங்கியதுதான். 2013 டிசம்பர் 31-ஆம் தேதி ராய்ச்சூர்-சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாக அதுவும் தேசிய மின்தொகுப்புடன் இணைந்தது. பற்றாக்குறைக் காலத்தில் வெளி மாநில மின்சாரம் கிடைப்பது அந்த இணைப்பின் பயன். வடக்கில் நேரும் பெரும் குலைவு தெற்கையும் எட்டக்கூடும் என்பது அதன் மறுபக்கம்.

பதினைந்து ஆண்டுகளுக்குள் நேர்ந்த மாற்றம்

இதே காலத்தில் வீடுகளுக்குள் நிகழ்ந்த மாற்றம் மின்தொகுப்பில் நிகழ்ந்ததைவிடப் பெரிது. 2017-இல் தொடங்கப்பட்ட சௌபாக்கியா திட்டத்தால் கோடிக்கணக்கான வீடுகள் இணைப்பு பெற்றன. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி ஏறத்தாழ 97 சதவீத வீடுகளில் மின்சாரம் உள்ளது. மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் படித்த தலைமுறைக்கு இது சாதாரணச் சாதனை அல்ல. ஆனால், விளக்குடன் சேர்ந்து அதற்கான எண்ணெயும் பொது விநியோகக் கடைகளிலிருந்து படிப்படியாக விடைபெற்றுவிட்டது.

குடிநீரிலும் இதே கதைதான். ஜல் ஜீவன் இயக்கம் 2019 ஆகஸ்டில் தொடங்கியபோது 3.23 கோடி ஊரக வீடுகளிலேயே குழாய் இணைப்பு இருந்தது. இன்று அது 15 கோடியைத் தாண்டிவிட்டது. குடத்துடன் நடக்க வேண்டிய தேவை குறைந்திருப்பது பெண்களுக்குக் கிடைத்த பெரும் விடுதலை. எனினும், அந்தக் குழாயில் நீர் வர ஆழ்துளைக் கிணற்றின் மோட்டார் ஓட வேண்டும். வீட்டுக்குள் குழாய் வந்த பிறகு தெருமுனைக் கைப்பம்பின் தேய்ந்த வாஷரை மாற்ற யாரும் அவசரப்படுவதில்லை.

ரயில்வேயில் அகலப்பாதைகள் 95 சதவீதத்துக்கும் மேல் மின்மயமாகிவிட்டன. 2012-இல் நடுவழியில் நின்ற ரயில்களை இழுத்துச் செல்ல டீசல் என்ஜின்கள் பயன்பட்டன. எரிபொருள் செலவிலும் மாசுக் குறைப்பிலும் மின்மயம் சரியான முடிவே. ஆனால், அவசரத்துக்கு எத்தனை டீசல் என்ஜின்கள், எந்தெந்த இடங்களில் தயார் நிலையில் இருக்க வேண்டும் என்ற கேள்வி அதனால் கூர்மையாகிறது.

மிகப் பெரிய மாற்றம் பணத்தில் நேர்ந்துள்ளது. 2016-இல் அறிமுகமான யுபிஐ வழியாக இன்று மாதத்துக்கு 1,800 கோடிக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள் நடைபெறுகின்றன. தேநீர்க் கடையிலும் காய்கறி வண்டியிலும் கியூஆர் அட்டை தொங்குகிறது. சட்டைப்பையில் நூறு ரூபாய்த் தாள்கூட இல்லாமல் வீட்டை விட்டு வெளியேறுவது நகரங்களில் இயல்பாகிவிட்டது. கைப்பேசியின் மின்கலம் தீர்ந்தாலோ, கோபுரத்தின் மாற்று மின்சாரம் தீர்ந்தாலோ அந்தப் பணம் எட்டாத பணம். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது, பணமதிப்பிழப்பால் ரொக்கம் அரிதாகியிருந்த நேரத்தில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் ஒருசேர அறுந்தன. அட்டையும் செல்லாமல், தாளும் கிடைக்காமல் பால் பாக்கெட்டுக்கு அலைந்த அனுபவம் அந்நகர மக்களுக்குப் புதிதல்ல.

ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் 2025 ஏப்ரல் 28-ஆம் தேதி நண்பகலில் மின்தொகுப்பு வீழ்ந்தபோது இதுவே பெரிய அளவில் காணப்பட்டது. அட்டைக் கருவிகள் முடங்கின. ரொக்கம் வைத்திருந்தவர் மட்டுமே பொருள் வாங்கினார். பேட்டரியில் இயங்கும் வானொலிப் பெட்டிகளைத் தேடி மக்கள் கடைகளுக்கு விரைந்தனர். பல ஆண்டுகளாக மின்வெட்டையே அறியாத சமூகங்கள் அவை. இந்திய நகரங்களும் அந்த நிலையை நெருங்கிக் கொண்டிருக்கின்றன.

யாரிடம் மாற்று ஏற்பாடு உள்ளது?

மாற்று ஏற்பாடுகள் நாட்டில் இல்லாமல் இல்லை. அவை சமமாகப் பரவியிருக்கவில்லை. 2020 அக்டோபர் 12-ஆம் தேதி காலை மும்பையில் மின்சாரம் தடைபட்டபோது புறநகர் ரயில்கள் தண்டவாளத்திலேயே நின்றன. இணையவழி வகுப்புகள் தடைபட்டன. கரோனா நோயாளிகள் நிறைந்திருந்த மருத்துவமனைகள் ஜெனரேட்டர்களை நாடின. அதே நேரத்தில் இரு பங்குச் சந்தைகளிலும் வர்த்தகம் தடையின்றி நடந்தது. வெளித் தொகுப்பு வீழ்ந்தாலும் நகரத்தைத் தனித் தீவாகப் பிரித்து இயக்கும் ஏற்பாட்டுக்குப் பெயர் பெற்றது மும்பை. அன்று அந்த ஏற்பாடும் கைகொடுக்கவில்லை. 2012 ஜூலை 31-இல் கொல்கத்தாவின் மின் விநியோக நிறுவனமான சிஇஎஸ்சி இவ்வாறு தனித்தீவாக நின்று நகரின் பெரும்பகுதியைக் காத்ததை இங்கே நினைவுகூரலாம். தனித்தீவுத் திட்டம் என்பது கோப்பில் இருந்தால் போதாது, அவ்வப்போது ஒத்திகை பார்க்கப்பட வேண்டும் என்பதையே இவ்விரு நகரங்களின் அனுபவம் காட்டுகிறது.

வெப்பம் இந்தச் சிக்கலை உயிர் சார்ந்த பிரச்னையாக மாற்றியுள்ளது. 2024 ஜூன் 11-ஆம் தேதி உத்தரப் பிரதேசத்தின் மண்டோலா துணை மின்நிலையத்தில் ஏற்பட்ட தீவிபத்தால், கடும் வெயிலில் தில்லியின் பல பகுதிகளில் பிற்பகலில் மின்சாரம் இல்லை. நல்வாய்ப்பாக அது சில மணி நேரத்தில் சீரானது. அடுத்த வாரமே தில்லியின் மின்தேவை 8,656 மெகாவாட் என்ற உச்சத்தை எட்டியது. அத்தகைய நாளில், குளிரூட்டியை நம்பிக் கட்டப்பட்ட, காற்றோட்டமற்ற அடுக்குமாடி வீட்டில் முதியவர் ஒருவர் பத்து மணி நேரம் மின்சாரமின்றி இருப்பது 2012-இன் வியர்வையைப் போன்றது அல்ல. சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் விளக்கையும் மின்விசிறியையும் சில மணி நேரம் இயக்கும். குளிரூட்டியையோ லிஃப்டையோ இயக்காது. தலைநகர்ப் பகுதியில் டீசல் ஜெனரேட்டர்களுக்கு மாசுக் கட்டுப்பாட்டு விதிகளும் உள்ளன.

கூரையில் சூரியமின் தகடு பொருத்தியவர்கள் தங்களுக்குக் கவலையில்லை என்று எண்ணக்கூடும். பேட்டரி இல்லாமல் மின்தொகுப்புடன் இணைக்கப்பட்ட சூரியமின் அமைப்பு, வெளியே மின்சாரம் நின்றால் தானாகவே அணைந்துவிடும். கம்பியில் பழுது பார்க்கும் ஊழியரின் பாதுகாப்புக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. பிரதமரின் சூரிய வீடு திட்டத்தின்கீழ் ஒரு கோடி வீடுகளுக்குக் கூரைத் தகடுகள் அமைக்க இலக்கு நிர்ணயிக்கப்பட்டுள்ள நிலையில், உச்சி வெயிலில் தகடு மின்னிக் கொண்டிருக்க, அதன் கீழே விசிறி சுழலாமல் இருக்கக்கூடும் என்பதைப் பயனாளிகளுக்கு முன்கூட்டியே சொல்வது அவசியம். சிறு பேட்டரியையும் அதற்கேற்ற இன்வெர்ட்டரையும் சேர்த்துப் பெற மானிய விதிகள் ஊக்குவித்தால் அந்தக் கூரை அவசரத்துக்கும் உதவும்.

மற்றவற்றுக்குப் பெரும் செலவு தேவையில்லை. ஊராட்சிதோறும் ஓரிரு கைப்பம்புகளைப் பழுதின்றி வைத்திருப்பது, மின்சாரம் உள்ளபோதே மேல்நிலைத் தொட்டிகளை நிரப்பி வைப்பது, கைப்பேசிக் கோபுரங்கள் குறைந்தது எத்தனை மணி நேரம் மாற்று மின்சாரத்தில் இயங்க வேண்டும் என்பதை வகுத்து அதைக் கண்காணிப்பது ஆகியவை உள்ளாட்சி மற்றும் ஒழுங்குமுறை அமைப்புகளின் அன்றாடப் பணிகளே. சத்தீஸ்கரில் நூற்றுக்கணக்கான ஆரம்ப சுகாதார நிலையங்களில் பேட்டரியுடன் கூடிய சூரியமின் அமைப்புகள் நிறுவப்பட்டுள்ளன. அடிக்கடி மின்சாரம் தடைபடும் ஊர்களில் பிரசவ அறையின் விளக்கையும் தடுப்பூசிக் குளிர்பதனப் பெட்டியையும் இயங்கச் செய்வதற்காக அவை அமைக்கப்பட்டவை. பெரும் மின்தடைகளை மனத்தில் கொண்டு அந்த மாநிலம் அதைச் செய்யவில்லை. ஆயினும், மின்தொகுப்பு மீண்டும் ஒரு நாள் வீழ்ந்தால், அந்தச் சிற்றூர்களின் பிரசவ அறைகளில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.