லயன் அறையா, சொந்த வீடா?

விண்டோஸ் 10க்கு அளித்துவந்த ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதி இல்லாத கணினிகளை முறைப்படி ஏற்பதில்லை. நன்றாக இயங்கும் கணினிகளுக்கு ஒரே நாளில் ‘பழையவை’ என்ற தீர்ப்பு! தீர்ப்பளித்தவர் யார்? சீட்டுப் பிடித்து மகளுக்குக் கணினி வாங்கிய மாவனல்லைத் தோட்டத் தொழிலாளியா? அன்று!

தலைமுறை தலைமுறையாக லயனில் வாழ்ந்தும், சுவரில் ஒரு ஜன்னல் வைக்கத் துரையின் அனுமதிக்குக் காத்திருந்த மக்கள் நாம். மூடிய பணிசெயல் முறைமையும் அத்தகைய லயன் அறையே. குடியிருக்கலாம், மாற்றியமைக்க முடியாது. விண்டோஸ் என்றால் ஜன்னல்கள். அந்த ஜன்னல்களின் சாவியோ பிறர் கையில்!

மாற்று வழி உண்டு. 1983இல் ரிச்சர்ட் ஸ்டோல்மன் அறிவித்த க்னூ திட்டமும், 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸும் இணைந்து உருவான முறைமை அது. அதன் மூலநிரலைப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம். முகப்பையும் மொழியையும் நம் விருப்பப்படி அமைக்கலாம், வேண்டாததை அகற்றலாம். வலுக்குறைந்த கணினிக்கு எக்ஸ்.எஃப்.சி.ஈ. என்னும் இலகுவான முகப்பு உண்டு. உரிமக் கட்டணம் ஒரு சதமும் இல்லை.

“அது நமக்குக் கடினம்” என்பார் சிலர். கேரளத்தின் அரசுப் பாடசாலைப் பிள்ளைகள் பல்லாண்டுகளாக லினக்ஸிலேயே கணினி கற்கின்றனர். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கை நிரலாளர் ஆக்கிய ‘சஹானா’ என்னும் கட்டற்ற மென்பொருள் பிற நாடுகளின் பேரிடர்ப் பணிக்கும் உதவியது. அவர்களுக்கு இயன்றது மலையகப் பிள்ளைக்கு இயலாதா?

ஃபோட்டோஷொப் போன்ற சில மென்பொருள்கள் லினக்ஸில் நேரடியாக இயங்கா என்பது மெய்; மறைக்கமாட்டோம். அவையின்றித் தொழில் நடவாதோர் விலைகொடுத்து வாங்கட்டும். ஆனால் கட்டுரை எழுதவும் கணக்குப் போடவும் நிரல் கற்கவும் வந்த பிள்ளைக்குத் திருட்டுப் பிரதியை ஏற்றிக் கொடுப்பது என்ன நியாயம்? 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் காக்கிறது என்பதை அறியாதவரா நம் கடைக்காரர்?

பெற்றோரே, ஆசிரியரே! புதுக் கணினிக்குக் கடன்படுமுன் ஒரு பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி இயக்கிப் பாருங்கள். உள்ளிருப்பதை அழிக்காமலே பார்க்கலாம். பிடித்தால் நிறுவுங்கள், பிடிக்காவிடில் விடுங்கள். தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது. அவ்வுரிமையைக் கேளாமலே கைவிடுவதைத்தான் நாம் எதிர்க்கிறோம்!