பின்கதவின் திறப்பு யாரிடம்?

2024 பெப்ரவரி 9 இரவு யாழ்ப்பாணம் முற்றவெளியில் பாடகர் ஹரிஹரனின் இசை நிகழ்ச்சி குழம்பியது. தடுப்புகள் உடைந்தன, நிகழ்ச்சி இடையில் நின்றது, சிலர் காயப்பட்டனர். பிறகு ஊரில் அதிகம் கேட்ட பேச்சு "காவாலியள் கெடுத்துப்போட்டாங்கள்" என்பதுதான். எத்தனை பேருக்கு இடம் இருந்தது, எத்தனை பேர் வருவார்கள் என்று கணக்கிட்டார்கள், வெளியேற எத்தனை வழி இருந்தது என்ற கேள்விகள் அந்த வசவில் அமுங்கிப்போயின. திறந்தவெளி என்பதால் தப்பினோம்.

அதே நெரிசல் நாலு சுவருக்குள், அதிரும் பாட்டுக்கு நடுவே, வெறியோடு சேர்ந்து வந்தால் என்ன நடக்கும்? தெல்லிப்பழைப் பிரதேசத்துக்கு இது கற்பனைக் கேள்வி அல்ல. இங்குள்ள பலாலிக்கு 2019 இல் சர்வதேச விமானம் வந்தது. காங்கேசன்துறைக்கு 2023 இல் நாகபட்டினக் கப்பல் வந்தது. ஆடி, ஆவணியில் வெளிநாட்டு உறவுகள் வந்திறங்க, விடுதிகளின் பார்கள் சனி இரவுகளில் பிதுங்குகின்றன.

வலிகாமத்து விடுதி ஒன்றில் நாம் கண்டது இது. கூடத்தில் இருப்பவர்களைவிட நிற்பவர்கள் அதிகம். கழிவறைக்குப் போகும் ஒடுங்கிய நடையில் வெற்றுப் பியர்ப் பெட்டிகள் தலைக்கு மேல் அடுக்கிக் கிடக்கின்றன. நடை முடிகிற இடத்தில் பின்கதவு. அதில் சங்கிலி, சங்கிலியில் ஆமைப்பூட்டு. ஏன் பூட்டு என்று கேட்டால், "காசு குடுக்காமல் பெடியள் பின்னாலை பாஞ்சிடுவாங்கள்" என்கிறார் பரிமாறுகிறவர். திறப்பு முதலாளியிடமாம். முதலாளி யாழ்ப்பாணம் போய்விட்டாராம்.

காசு கட்டாமல் போய்விடுவார்கள் என்ற இதே பயம் பிரேசிலில் உயிர்களைக் குடித்திருக்கிறது. 2013 ஜனவரி 27 அதிகாலை, சாந்தா மரியா நகரின் கிஸ் இரவு விடுதியில் தீப்பிடித்தபோது, நடந்ததை அறியாத வாசல் காவலர்கள் கணக்கு முடிக்காதவர்களை முதலில் மறித்தார்கள். வெளியேற இருந்ததோ ஒரே வாசல். கழிவறைக் கதவை வெளிவாசல் என்று நம்பி ஓடிய பலர் அங்கேயே புகையில் மூச்சடைத்து இறந்தார்கள். மொத்தம் 242 பேர்.

கிட்டத்தில் பார்ப்பதென்றால் கோவா. 2025 டிசம்பர் 6 இரவு ஆர்ப்போரா கிராமத்து இரவு விடுதியில் தீப்பிடித்து 25 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் ஆடவந்தவர்கள் அல்ல, அங்கே வேலைசெய்த ஏழைப் பிள்ளைகள். ஒடுங்கிய பாதையால் தீயணைப்பு வண்டி கட்டடத்தை நெருங்கவே முடியவில்லை. அந்தக் கட்டடத்தை இடிக்கும்படி ஊர்ப் பஞ்சாயத்து முன்னரே உத்தரவிட்டிருந்தது. மேலிடம் அதை நிறுத்திவைத்திருந்தது.

நம்முடைய நிலை என்ன? 2016 செப்டெம்பரில் கிளிநொச்சிச் சந்தை எரிந்தபோது யாழ்ப்பாணத்திலிருந்து தீயணைப்பு வண்டி வந்து சேர்வதற்குள் கடைகள் சாம்பலாகிவிட்டன. தெல்லிப்பழை அவ்வளவு தூரம் இல்லைதான். ஆனால் பாட்டுச் சத்தம் வெளியே போகாமல் கூரையில் ஒட்டிய பஞ்சு எரிந்து அறையைப் புகையால் மூட இரண்டு மூன்று நிமிடம் போதும். அதற்குள் எந்த வண்டியும் வராது. கதவு திறந்தால்தான் உயிர்.

எனவே பொறுப்பான அதிகாரிகள் தங்கள் கடமையைச் செய்ய வேண்டும். மதுவரித் திணைக்களத்தாரின் சோதனை கசிப்பு, போயா நாள் விற்பனை, இருபத்தொரு வயது எல்லை, வரி என்பவற்றோடு நின்றுவிடலாகாது. கட்டட வரைபடத்துக்கு அனுமதி கொடுக்கும் பிரதேச சபை, வரைபடத்தில் இருந்த இரண்டாவது வாசல் இன்றும் வாசலாகத்தான் இருக்கிறதா, களஞ்சியமாகிவிட்டதா என்று போய்ப் பார்க்க வேண்டும். பொலிஸார் போத்தல் உடைந்த பிறகு வருவதில் யாருக்கும் பயனில்லை.

ஊர்ப் பெரியவர்களுக்கும் ஒரு சொல். பார் வேண்டாம் என்று மனுக் கொடுக்கிறீர்கள். அது உங்கள் உரிமை, பல இடங்களில் நியாயமும்கூட. ஆனால் திறந்துவிட்ட பாருக்குள் என்ன நடந்தாலும் 'குடிக்கப் போனவன்தானே' என்று முகத்தைத் திருப்புவது எந்த நியாயம்? அங்கே கோப்பை கழுவுகிற பெடியன் குடிக்கப் போனவன் இல்லை. கூட்டத்தைக் கட்டியாளத் தெரியாதவர்களும் அல்ல நாம். தெல்லிப்பழைத் துர்க்கையம்மன் கோயில் தேரன்று வீதியை மறித்து, கயிறு பிடித்து, தண்ணீர்ப் பந்தல் போட்டு, மயங்கியவரைத் தூக்கிச் செல்லத் தொண்டர்களை நிறுத்துவது இதே ஊர்தான். அந்தக் கவனத்தில் கால்வாசியைத் தன்னும் விடுதி முதலாளிகளிடம் கேட்டுப்பெற நமக்கு ஏன் வாய் வரவில்லை?

செய்யவேண்டியவை பெரிய செலவுக் காரியங்கள் அல்ல. கூடத்தின் ஆள்கொள்ளளவு வாசலில் எழுதப்பட வேண்டும். ஒருவர் நின்று எண்ண வேண்டும். நிறைந்தால் வெளியில் காக்கவைக்க வேண்டும். வாசலில் நிற்பவர் முதலாளியின் மச்சானாக இருந்தால் மட்டும் போதாது, சண்டையை விலக்கவும் தீயணைக்கும் கருவியைப் பிடிக்கவும் பழகியிருக்க வேண்டும். தள்ளாடுகிறவருக்கு மேலும் ஊற்றாமல், மோட்டார்சைக்கிள் திறப்பை வாங்கிவைத்து ஓட்டோ பிடித்துக்கொடுப்பதும் விடுதியின் வேலைதான். மின்சாரம் போனால் எரியும் விளக்கு வெளிவாசலுக்கு மேல் இருக்க வேண்டும். பின்கதவு உள்ளிருந்து தள்ளினால் திறக்க வேண்டும்.

மதுபான அனுமதிப்பத்திரங்கள் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுபவை. அடுத்த புதுப்பித்தலுக்கு முன் மதுவரித் திணைக்களம், பிரதேச சபை, பொலிஸ் மூவரும் ஒரு சனி இரவு பத்து மணிக்கு, முன்னறிவித்தல் இல்லாமல், ஒன்றாகப் போகட்டும். பின்கதவில் பூட்டுத் தொங்கும் விடுதிக்கு, அது எவருடையதாக இருந்தாலும், அந்த ஆண்டு அனுமதிப்பத்திரம் கிடைக்கக் கூடாது.