முழங்கை வரை



கொல்லிமலைக்குச் சென்று திரும்புவோர், காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றியே முதலில் பேசுவார்கள். என் நினைவில் நிற்பதோ, மலைமேல் உள்ள ஒரு சிறு மருத்துவமனையின் குழாயடிதான். குடும்பத்தோடு சென்றிருந்தபோது, அன்னாசிப்பழம் நறுக்க வைத்திருந்த கத்தியில் விரலை அறுத்துக்கொண்டான் என் பெரியம்மாவின் பேரன். தையல் போட வேண்டியிருந்தது. பிள்ளை பாட்டியின் மடியைவிட்டு இறங்க மறுத்ததால், பெரியம்மாவையும் உள்ளே வரச் சொன்னார்கள். செவிலியர் சானிடைசர் புட்டியை நீட்டினார்.

“வேண்டாம்மா. அதில் சாராயம் கலந்திருக்கிறதாமே, நான் ஒளூவோடு இருக்கிறேன்” என்று கையை இழுத்துக்கொண்டார் பெரியம்மா.

அச்செவிலியர் அம்மலையின் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த பெண். (பெயரைக் கொண்டு கேரளத்தார் என எண்ணிவிட வேண்டாம், கொல்லிமலைப் பழங்குடியினருக்கு அதுவே பெயர்.) “சரிங்கம்மா, அந்தக் குழாயிலே சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க. கையை மட்டும் நல்லா மேலே மடிச்சுக்குங்க” என்றார். குழாயருகே ஆடவர் சிலர் நின்றிருந்தனர். பெரியம்மா தயங்கினார். செவிலியர் காரணம் ஏதும் கேட்கவில்லை. அருகிலிருந்த துணித்திரையை இழுத்துவிட்டார். அவ்வளவே. கை சுத்தமாயிற்று, தையலும் முடிந்தது.

இத்தனை எளிதாக முடிந்திருக்க வேண்டிய ஒன்று, 2023ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் பெரும் விவாதமாக வெடித்தது வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். அந்த ஆண்டு ஜூன் திங்களில், அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரியின் முஸ்லிம் மாணவியர் எழுவர் முதல்வருக்கு ஒரு கடிதம் அளித்தனர். அறுவைக்கூடத்தில் ஹிஜாப் அணிய இயலவில்லை. எனவே முழுக்கை மேலங்கியும், தலையையும் கழுத்தையும் மூடும் அறுவைக்கூடத் தலையுறையும் அணிய அனுமதி வேண்டும் என்பதே அவர்களின் கோரிக்கை. முதல்வர், முழங்கை வரை கழுவ வேண்டிய அவசியத்தை எடுத்துரைத்து, வல்லுநர் குழு ஒன்று இதனை ஆராயும் என்று பதிலளித்தார். ஆனால் செய்தி வெளியானதும் குழுவுக்காக எவரும் காத்திருக்கவில்லை. ஒரு சாரார் “மதவெறி” என்றனர். மறுசாரார் “மதத்தின் மீது தாக்குதல்” என்றனர். அறுவை மேசையில் கிடக்கும் நோயாளியை இரு சாராரும் மறந்தனர் என்றே எனக்குத் தோன்றியது.

முழங்கை வரை கழுவுதல் நமக்குப் புதிதன்று. நாள்தோறும் ஐவேளையும் ஒளூ செய்யும் நம் பெண்கள் முழங்கை வரைதான் கழுவுகின்றனர். ஆகவே கையைத் திறப்பது ஆட்சேபமன்று. யார் முன்னிலையில் திறப்பது என்பதே கேள்வி. அறுவை செய்யும் மருத்துவர் முழங்கை வரை தேய்த்துக் கழுவியபின், கிருமி நீக்கிய நீண்ட அங்கியை மணிக்கட்டு வரை அணிந்து, அதன் விளிம்பின் மீது கையுறையை இழுத்து மாட்டிக்கொள்கிறார். மேசை அருகே நிற்கும்போது அவர் கை முற்றிலும் மூடியே இருக்கிறது! கழுவும் தொட்டிக்கும் அங்கிக்கும் இடைப்பட்ட சில நிமிடங்களே சிக்கலுக்குரியவை. அந்நேரத்தில் கழுவிய கைமீது கழுவாத துணி படுவதை எந்த மருத்துவராலும் அனுமதிக்க முடியாது. இதில் நாம் வாதாடுவதற்கு இடமில்லை. பெண்களுக்கெனத் தனியிடத்தில் ஒரு கழுவு தொட்டி, அல்லது ஒரு திரை என்று கேட்பதற்கு நிறையவே இடமுண்டு.

ஓரமாக நின்று பார்த்துக் கற்கும் மாணவியின் நிலை வேறு. அமெரிக்க அறுவைக்கூடச் செவிலியர் சங்கத்தின் நெறிகள், மேசையில் கைவைக்காத பணியாளர்கள் முழுக்கை மேலங்கி அணிய வேண்டும் என்றே 2010களில் கூறின. திறந்த கையிலிருந்து உதிரும் தோல் துகள்கள் காயத்தில் படியக் கூடாது என்பதே காரணம். தலையுறையும் புதுமையன்று, தாடி வைத்த மருத்துவர்கள் அணிவதைப் பலரும் கண்டிருக்கலாம். ஆக, அந்த எழுவர் கேட்டவற்றில் ஒரு பகுதி ஏற்கத்தக்கது, ஒரு பகுதி இடத்தைப் பொறுத்தது. பகுத்துப் பார்க்கப் பொறுமை வேண்டும்; அதுதான் அன்று இல்லாமற் போயிற்று.

இங்கிலாந்தில் இந்தப் பொறுமை ஓரளவு இருந்தது. நோயாளியைத் தொடும் பணியாளர் அனைவரும் முழங்கைக்குக் கீழ் கையைத் திறந்து வைக்க வேண்டும் என்ற விதி 2008இல் அங்கு நடைமுறைக்கு வந்தபோது, முஸ்லிம் மருத்துவ மாணவியர் சிலர் மறுத்தனர். முஸ்லிம் பிரதிநிதிகளையும் கலந்து 2010இல் வழிகாட்டுதல் திருத்தப்பட்டது. அதன்படி, கழுவிய பின் அணிந்து, கையுறையைப் போலவே ஒவ்வொரு நோயாளிக்கும் பின் கழற்றி எறியும் மேலுறைகள் முழங்கை முதல் மணிக்கட்டு வரைக்கும் அனுமதிக்கப்பட்டன. சீக்கியர் தம் காப்பை மேலே ஏற்றிக் கட்டிக்கொள்ளலாம் என்றும் கூறப்பட்டது. பிறகு 2019 டிசம்பரில் டெர்பி நகர மருத்துவமனை, ஒருமுறை அணிந்து எறியும் ஹிஜாபை அறுவைக்கூடத்துக்கு அறிமுகப்படுத்தியது. மாணவியாக இருந்தபோது, நாள் முழுதும் அணிந்த ஹிஜாபுடன் வந்தமைக்காக அறுவைக்கூடத்திலிருந்து வெளியேறச் சொல்லப்பட்ட ஃபரா ரோஸ்லான் என்ற மலேசிய வமிசப் பெண் மருத்துவரே அதற்குக் காரணமானவர். வெளியேற்றியவர்கள் மீது அவர் வழக்குத் தொடுக்கவில்லை. அவர்கள் அச்சம் நியாயமானது என ஒப்புக்கொண்டு, அந்த அச்சத்தைத் தீர்க்கும் துணியைத் தேடினார்.

சுகாதாரம் என்ற பெயரில் வருவதெல்லாம் நியாயமாகிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். இலங்கையில் 2020 ஏப்ரல் முதல் கொரோனாவில் இறந்தோரை எரித்தே தீர வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. அடக்கம் செய்யலாம் என உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், பிறந்து 20 நாளே ஆன ஒரு பச்சிளங்குழந்தையும் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில்தான் ஆணை மாறியது. 2024இல் அந்நாட்டு அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. அங்கே காரணம் கேட்டவர்களுக்குக் கூறத்தக்க விடை இல்லை. அறுவைக்கூட விதியைப் பற்றிக் கேட்டால் விடை இருக்கிறது. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது அநீதி.

காயமுற்ற தோழர் ஒருவர் குளிப்புக் கடமையானபோது, தயம்மும் செய்யச் சலுகை உண்டா எனத் தம்முடன் பயணம் வந்தோரைக் கேட்டார். அவர்கள் இல்லையென்றனர். அவர் குளித்தார், இறந்தார். செய்தியறிந்த நபி (ஸல்) அவர்கள், தெரியாவிட்டால் கேட்டிருக்க வேண்டாமா என்று அவர்களைக் கடிந்துகொண்டதாக அபூதாவூத் நூலில் காண்கிறோம். காயக்கட்டின் மீது ஈரக்கையால் தடவினால் போதும் என்று நம் ஃபிக்ஹ் நூல்கள் கூறுவதும் இத்தகைய இடங்களுக்காகவே. பிடிவாதத்தை மார்க்கம் என்று எண்ணுவோர் இவற்றைப் படித்ததுண்டா என்று எனக்கு அடிக்கடி ஐயம் எழும்.

சானிடைசர் பற்றியும் ஒரு வார்த்தை. மக்காவில் 2002 ஜனவரியில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் கவுன்சில், காயத்தைத் துடைக்கவும் கிருமியைக் கொல்லவும் ஆல்கஹாலை வெளிப்பூச்சாகப் பயன்படுத்தலாம் என முடிவு செய்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2009ஆம் ஆண்டு கைச்சுகாதார வழிகாட்டுதலே இதனை எடுத்துக்காட்டுகிறது. கையில் அழுக்கோ இரத்தமோ கண்ணுக்குத் தெரிந்தால் சானிடைசர் போதாது. சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும் என்றும் அதே நூல் கூறுகிறது.

மலையிறங்கும்போது வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்த பெரியம்மா, பாதி வழியில் எண்ணிக்கையை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். “ஏன்டா, அந்தப் புட்டியில் இருந்தது கூடுமா, கூடாதா?” என்று கேட்டார். மக்காவில் எடுக்கப்பட்ட முடிவைச் சொன்னேன்.

“இதை அங்கேயே சொல்லியிருக்கக் கூடாதா? அந்தப் பொண்ணுக்கு வேலை வைத்துவிட்டேனே” என்றார்.