டூப்ளின் மக்களோடு நிற்க வாருங்கள்



வட கரோலினாவின் கேரியிலும் மாரிஸ்வில்லிலும் ராலேயிலும் வாழும் நாம் கோடை வந்தால் ஐ-40 நெடுஞ்சாலையில் வில்மிங்டன் கடற்கரைக்குக் கிளம்பிவிடுகிறோம். வழியில் டூப்ளின் கவுன்ட்டி வருகிறது. நாற்றம் தாங்காமல் காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கடந்துவிடுகிறோம். அங்கேயே குடியிருப்பவர்கள் எங்கே போவார்கள்?

டூப்ளினில் மனிதர்கள் சுமார் 50,000 பேர். பன்றிகளோ அதைப்போலப் பல மடங்கு. கொட்டகைகளில் அடைபட்ட அவற்றின் மலமும் மூத்திரமும் திறந்த மண் குட்டைகளில் தேங்குகின்றன. அங்கிருந்து எடுத்து வயல்களில் பீய்ச்சுகிறார்கள். காற்று திரும்பினால் அந்தச் சாரல் பக்கத்து வீட்டுச் சுவரிலும் கொடியில் காயும் துணியிலும் படிகிறது. நாற்றம் மிகும் வேளைகளில் அக்கம்பக்கத்தாரின் ரத்த அழுத்தம் ஏறுவதை வட கரோலினா பல்கலைக்கழக அறிஞர் ஸ்டீவ் விங்கின் குழு அளந்து காட்டியது. கறுப்பின, லத்தீன், பூர்வகுடி மக்களே இந்தப் பண்ணைகளுக்கு அருகில் அதிகம் வாழ்கிறார்கள் என்பதையும் அவர்களே நிறுவினார்கள். தற்செயல் என்று நம்புவோர் நம்பட்டும்.

பன்றி என்றாலே முகம் சுளிக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை: பன்றி மீது குற்றமில்லை. கம்பெனிக்காகப் பன்றி வளர்க்கும் ஒப்பந்த விவசாயியும் நம் எதிரி அல்ல. பன்றி கம்பெனிக்குச் சொந்தம், பீ மட்டும் விவசாயிக்குச் சொந்தம், அப்படித்தான் ஒப்பந்தம்!

1995இல் ஆன்ஸ்லோ கவுன்ட்டியில் ஒரு குட்டை உடைந்து, சுமார் 2.5 கோடி கேலன் கழிவு நியூ ஆற்றில் பாய்ந்தது. 1997இல் மாநிலச் சட்டமன்றம் புதிய குட்டைகளைத் தடுத்தது, பழையவற்றை விட்டுவைத்தது. 2018 ஃபுளோரன்ஸ் புயலில் அவற்றில் சில வழிந்தோடின. அதே ஆண்டு, அக்கம்பக்கத்தார் தொடுத்த வழக்குகளில், பன்றிக் கம்பெனியான ஸ்மித்ஃபீல்டின் துணை நிறுவனத்துக்கு எதிராக ராலே கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஜூரிகள் அடுத்தடுத்துத் தீர்ப்பளித்தனர். சட்டமன்றம் என்ன செய்தது? 2017லும் 2018லும் கொண்டுவந்த சட்டங்களால் இப்படி வழக்குப் போடும் கதவை ஏறக்குறையச் சாத்தியது.

இப்போது குட்டைக்கு மூடி போட்டு மீத்தேன் எடுத்து விற்று, அதற்குப் பசுமை என்று பெயர் சூட்டுகிறார்கள். வாயு குழாயில் போய்விடும். மிஞ்சும் கரைசல், அம்மோனியாவோடு, மறுபடியும் குட்டைக்கும் தெளிப்பானுக்கும்தான்.

கழிவு அனுமதிகளைத் தரும் மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் தலைமையகம் நம் ராலேயில்தான் இருக்கிறது. அடுத்த பொதுக் கருத்துக்கேட்புக்கு டூப்ளின் மக்கள் நெடுந்தூரம் வரும்போது நாற்காலிகள் காலியாக இருக்கக் கூடாது. விசாவில் இருக்கிறோமே என்று தயங்காதீர்கள். அங்கே கருத்துச் சொல்லக் குடியுரிமை தேவையில்லை. வாக்குரிமை உள்ளவர்கள் இன்றே உங்கள் சட்டமன்ற உறுப்பினரைக் கூப்பிட்டு, திறந்த குட்டைகளை அடியோடு ஒழிக்கக் கெடு கேளுங்கள்!