3-ல் இறங்கு, 8-ல் இறங்கு, பந்தும் போடு... வாஷிங்டன் சுந்தரின் இடம் எது?

கொல்கத்தா டெஸ்ட்டில் 3-வது இடம். அடுத்த டெஸ்ட், குவஹாத்தியில் 8-வது இடம். 2025 நவம்பரில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான தொடரில் வாஷிங்டன் சுந்தருக்கு நடந்தது இதுதான்.

சரியா ஆடலைன்னு இறக்கிட்டாங்களா? அப்படியும் சொல்ல முடியாது. கொல்கத்தாவில் இந்தியா 93 ரன்னுக்குச் சுருண்ட இன்னிங்ஸில் அதிக ரன் எடுத்தவர் அவர்தான், 31. குவஹாத்தியில் 8-வதாக வந்தும் 48 அடித்தார்.

அப்போ சிக்கல் எங்கே?

எல்லாம் தெரியும் என்பதுதான் சிக்கல். சென்னைப் பையன் வாஷிங்டன், அடிப்படையில் டாப் ஆர்டர் பேட்ஸ்மேன். 2017 டிஎன்பிஎல்-லில் தூத்துக்குடி அணிக்கு ஓப்பனிங் இறங்கி ரன் குவித்தவர். ஆனால் அதே வருஷம் ஐபிஎல்-லில் அஸ்வினுக்குக் காயம், அவருக்குப் பதிலாக புனே அணி இவரை எடுத்தது. 17 வயதில், மும்பைக்கு எதிரான பிளே-ஆஃபில் 16 ரன்னுக்கு 3 விக்கெட். அவ்வளவுதான், 'பவர்பிளே பவுலர்' முத்திரை விழுந்துவிட்டது. 2018 நிதாஹாஸ் கோப்பையில் தொடர் நாயகன் விருதும் பந்துவீச்சுக்காகத்தான்.

2021 பிரிஸ்பேன் டெஸ்ட்டும் இதே கதைதான். அஸ்வின், ஜடேஜா இருவருக்கும் காயம் என்பதால் அறிமுகம். முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட், பிறகு 62 ரன். அடுத்து இங்கிலாந்து தொடரில் சென்னையில் 85, அகமதாபாத்தில் 96, இரண்டுமே நாட் அவுட். எதிர்முனையில் ஆள் தீர்ந்துபோனதால்தான் சதம் போச்சு. அதன்பிறகு மூன்றரை வருஷம் டெஸ்ட்டே இல்லை. காயங்கள் ஒரு பக்கம், சுழல் ஆல்-ரவுண்டர் வரிசையில் முன்னால் நின்றவர்கள் இன்னொரு பக்கம்.

2024 அக்டோபரில் நடந்தது இன்னும் வேடிக்கை. ரஞ்சியில் டெல்லிக்கு எதிராக 3-வதாக இறங்கி 152 அடித்தார். இந்திய அணி கூப்பிட்டது, பந்து போட! புனேவில் நியூசிலாந்துக்கு எதிராக 59 ரன்னுக்கு 7 விக்கெட், மேட்ச்சில் மொத்தம் 11.

2025 ஜூலையில் மான்செஸ்டரில் பண்ட்டுக்குக் காலில் எலும்பு முறிவு. 5-வது இடத்துக்கு ஏற்றப்பட்ட வாஷிங்டன், 101 நாட் அவுட்டுடன் ஜடேஜாவோடு சேர்ந்து தோல்வியைத் தடுத்தார்.

கவனித்தால், பெரும்பாலான வாய்ப்புகள் வேறொருவர் இல்லாததால் கிடைத்தவை. காஞ்சிபுரத்தில் கோர்வைத் தறி பார்த்தவர்களுக்கு இது புரியும். ஓரத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளும் உதவியாள் இல்லாமல் கோர்வை சேராது. ஆனால் சேலை யார் நெய்ததுன்னு கேட்டால் அவர் பெயர் வராது.

அமெரிக்காவில் என்ன நடந்தது?

அமெரிக்கன் ஃபுட்பாலில் டீபோ சாமுவேல் என்று ஒருவர். ஓடிப்போய் பந்தைப் பிடிக்கும் 'வைடு ரிசீவர்'. 2021 சீசனில் பிடித்து 1,405 கெஜம் எடுத்தது போக, ரன்னிங் பேக் போல பந்தைச் சுமந்து ஓடியும் 365 கெஜம் சேர்த்தார். அடுத்த ஏப்ரலில் என்னை வேறு அணிக்கு மாற்றுங்கள் என்று கேட்டார். சில மாதத்தில் பெரிய தொகைக்குப் புது ஒப்பந்தம் கிடைத்தது. கூடுதல் வேலைக்கு அங்கே விலை பேச முடிகிறது.

இந்திய அணியில் பேரம் கிடையாது. அஸ்வின் 2024 டிசம்பரில் ஓய்வு பெற்றபின் ஆஃப் ஸ்பின்னர் இடம் காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் 3-வதாக இறக்கிய கொல்கத்தாவில் வாஷிங்டனுக்குப் பந்து போட வாய்ப்பே கிட்டத்தட்ட இல்லை. அடுத்த டெஸ்ட்டில் அவர் பெயர் அணியில் இருந்தால், எத்தனையாவதாக இறங்குகிறார், எத்தனை ஓவர் தருகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.